கோல்ஃப் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முடியுமா?

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாகி ஆர்டர்கள் ஆட்டம் கண்டபோது, திருப்பூரில் பலருக்கு வேறு பிழைப்பு பற்றிய யோசனை வந்தது. காலர் பனியன் தைத்து அனுப்புவதை விட்டுவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு கோல்ஃப் கற்றுக்கொடுக்கப் போனால் என்ன? நீங்களும் அப்படி யோசித்திருந்தால், வேலையை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நன்றாக ஆடத் தெரிந்தால் போதுமா? போதாது. 2006இல் தொடங்கிய இந்திய தொழில்முறை கோல்ஃப் டூரில் பரிசுப் பணத்துக்காக ஆடுகிறவர்கள் ஒரு ரகம். பயிற்றுநர் வேறு ரகம். அவருடைய மூலதனம் கண்.

ஒரு உதாரணம். வலக்கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கமாக வளைந்து ஓடுகிறது (இதற்கு ஸ்லைஸ் என்று பெயர்). கற்றுக்கொள்பவர் தன் தோளைக் குறை சொல்வார். பயிற்றுநர் முதலில் இடக்கையைப் பார்ப்பார். மட்டையைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் இடக்கை விரல்முட்டிகள் இரண்டோ மூன்றோ தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால், கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்வார். பனியனின் சைடு தையல் முறுக்கிக்கொண்டால் நல்ல செக்கிங் ஆள் டைலரைத் திட்ட மாட்டார், துணியைத் தடவிப் பார்ப்பார் அல்லவா? அதே புத்திதான். க்வாலிட்டி பிரிவில் இருந்தவர்களுக்கு இந்த வேலை வரும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

மட்டையே பிடித்ததில்லை, முடியுமா? முடியும், ஆனால் வருடங்கள் ஆகும். உங்கள் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது) நன்றாக இறங்க வேண்டும். பணக்காரர்களுக்கு மட்டுமான வழி என்று பயப்பட வேண்டாம். 2009இல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற சி. முனியப்பா, ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கும் கேடியாக இருந்தவர். 1991இல் அதை வென்ற அலி ஷெரும் அப்படித்தான். ஆனால் இருவரும் சின்ன வயதிலேயே மைதானத்துக்குள் வந்துவிட்டவர்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

எங்கே பழகுவது? பக்கத்திலிருக்கும் 18 குழி மைதானம் கோவை கோல்ஃப் கிளப். கரி மோட்டார் பந்தயத் தடம் இருக்கும் அதே செட்டிபாளையத்தில் இருக்கிறது. பல்லடம் வழியாகப் போகலாம். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு என்ன கட்டணம், எந்த நேரம் என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. அதில் பழகினால் கை உறுதிப்படும்.

சான்றிதழ் வேண்டுமா? வேண்டும். இந்திய கோல்ஃப் யூனியனின் தேசிய கோல்ஃப் அகாடமி பயிற்றுநர்களுக்குப் படிப்படியாகப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. காகிதம் இல்லாதவரிடம் கிளப்காரர்கள் பிள்ளைகளை ஒப்படைக்கத் தயங்குவார்கள்.

சரி, வருமானம்? இங்கேதான் நிதானம் வேண்டும். சம்பளம் என்று மாதாமாதம் வருவது குறைவு. பெரும்பாலும் ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்குவதுதான். அதில் கிளப்புக்குப் பங்கு உண்டா, பந்துக் கூடைக்கு யார் பணம் கட்டுவது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லையென்றால் காசும் இல்லை. மாணவர்கள் வருவது விடியற்காலையிலும் சாயங்காலமும், அதிகமாக ஞாயிற்றுக்கிழமையும். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு அந்த ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். ஆகவே கம்பெனி வேலையை வைத்துக்கொண்டே ஞாயிறுகளில் தொடங்குங்கள். மாணவர்கள் சேர்ந்து, நிலையான தொகை கைக்கு வரும் வரை ராஜினாமா கடிதம் மேசைக்குள்ளேயே இருக்கட்டும். மெர்ச்சண்டைசராக இருந்தவருக்கு ஒரு கூடுதல் வசதி: பையரிடம் பொறுமையாகப் பேசிப் பழகியவர், கோல்ஃப் கற்க வரும் மில் முதலாளியிடமும் தப்பைப் பக்குவமாகச் சொல்லிவிடுவார்.

பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. ஆட்டம் சொல்லிக்கொடுக்கக் காசு வாங்கினால் உங்கள் அமெச்சூர் தகுதி (பணத்துக்காக ஆடாதவர் என்ற நிலை) பொதுவாகப் போய்விடும். கிளப்பில் அமெச்சூர்களுக்கான போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. 2022இல் திருத்தப்பட்ட விதிகளிலும் இது இருக்கிறது. பள்ளி, கல்லூரி ஊழியருக்கு விலக்கு உண்டு. ஆனால் கோல்ஃப் கற்பிக்கும் நேரம் அவருடைய மொத்த வேலை நேரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இழந்த தகுதியை விண்ணப்பித்துத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. ஆனாலும் கிளப் கோப்பை மீது ஆசை இருந்தால், முதல் கட்டணத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே அதை ஆடி முடித்துவிடுங்கள்.