சாயம் தோலில் இருக்கிறது

பன்னீர் திராட்சை ஒன்றை இரண்டு விரலால் பிதுக்கிப் பாருங்கள். கருநீலத் தோல் விரலில் நிற்கும். வழுக்கி வெளியே வரும் சதை வெளிறிய பச்சை. கறுப்புத் திராட்சையின் கறுப்பெல்லாம் அந்தத் தோலுக்குள்தான். சிவப்பு ஒயினின் சூட்சுமமும் அதுவே: தோல் சாற்றில் ஊற ஊற நிறம் ஏறும்.

நம்மூர்ச் சாயப்பட்டறைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துணி சாயத்தில் கிடக்கும் நேரம், தண்ணீரின் சூடு, பி.ஹெச். அளவு, எது பிசகினாலும் ஷேடு மாறிவிடும். தோலிலுள்ள ஆந்தோசயனினும் அந்த ரகம்தான். புளிப்பு கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம்.

வெளிர்சிவப்பு ஒயினுக்குப் பேர்போன வட்டாரம் பொஜொலே. பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றுக்கு மேற்கேயுள்ள மலைச்சரிவு. மலைப்பகுதி நெசவுக்கும் பெயர் பெற்றது. அங்குள்ள தரார் ஊருக்கு 1756-இல் மஸ்லின் நெசவைக் கொண்டுவந்த சிமோனே என்பவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். தறியும் திராட்சையும் ஒரே வட்டாரத்தில் என்பது நம்மூர்க்காரருக்குப் பிடிக்கும் சேதி.

அங்கே விளைவது கமே என்னும் ரகம். 1395-இல் பர்கண்டி கோமகன் பிலிப், இது மட்டமான கொடி, பிடுங்கி எறியுங்கள் என்று ஆணையிட்டார். கொத்துக் கொத்தாகக் காய்த்ததுதான் அது செய்த குற்றம். அவர் உயர்த்திப் பிடித்த பினோ ரகத்தின் பிள்ளைதான் கமே என்று 1999-இல் மரபணு ஆய்வு சொன்னது. கோமகனுக்கு அது தெரிய வழியில்லை. பர்கண்டியில் துரத்தப்பட்ட கொடிக்குத் தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண் தோதாக அமைந்தது.

அங்கே பழத்தை நசுக்குவதில்லை. கொத்தைக் காம்போடு தொட்டியில் கொட்டி மூடுகிறார்கள். அடியில் கிடப்பவை மேலுள்ள பாரத்தில் உடைந்து, ஈஸ்ட்டால் நொதித்து, கரியமில வாயுவைக் கக்குகின்றன. வாயு தொட்டியை நிரப்பியதும் மேலுள்ள முழுப் பழங்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அப்போது ஈஸ்ட் இல்லாமலேயே, பழத்தின் சொந்த நொதிகள் சர்க்கரையை ஆல்கஹாலாக்கத் தொடங்குகின்றன. பழத்துக்குள் ஆல்கஹால் சுமார் 2 சதவீதம் எட்டும்போது பழம் தளர்ந்துவிடும். அதற்குள் மாலிக் அமிலம் குறைந்து புளிப்பு தணிகிறது. தோலின் நிறம் உள்ளே கசிந்து சதையும் சிவக்கிறது. சில நாளிலேயே பிழிந்துவிடுவதால் துவர்ப்பு ஏறுவதில்லை. ஐசோஅமைல் அசிடேட் சேர்ந்தால் வாழைப்பழ வாசனைகூட வரும். வெளிர் ஒயின் என்றால் தண்ணி கலந்தது என்று நினைப்பவர்கள் இந்தத் தொட்டியை ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும்.

நம் பன்னீர் திராட்சை தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் விளைவது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. உலகம் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பார்கள். ஆனால், இந்த ரகமே 1850 வாக்கில் இங்கிலாந்தில் இனக்கலப்பு செய்து உருவாக்கப்பட்டது என்பது தாவரவியல் பதிவு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. பாதிரியார் கொண்டுவந்தது வேறு கறுப்புத் திராட்சையாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

வாசனையில் பன்னீர் திராட்சைக்குக் குறைவில்லை, சாயம்தான் குறைச்சல். அதனால் சாப்பிடும் பழமாகவே பெயரெடுத்தது. சீனாவின் தியான்ஜினில் பிரெஞ்சுக் கூட்டாளிகளோடு 1980-இல் தொடங்கிய ஆலையில் தோலை விலக்கிவிட்டு இதே ரகத்தில் வெள்ளை ஒயின் செய்தார்கள்.

பொஜொலேயில் குளிருக்கு இலை உதிர்த்துக் கொடி தூங்கும். அறுவடை ஆண்டுக்கு ஒன்றுதான். அதனால்தான் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை புது ஒயின் திறப்பது அங்கே திருவிழா. கம்பத்தில் கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்தால் சுமார் நான்கு மாதத்தில் பழம். ஒரு தோட்டத்தில் பூ, அடுத்த தோட்டத்தில் அறுவடை. அங்கே எந்த வியாழனைக் குறிப்பது?