ஊசியை எடுத்த மாணவன்

மேனாட்டு ‘றொக்’ இசை வெறுங் கூச்சலென்று வகுப்பிற் பலகாலும் பழித்தவன் யான். “ஐயா, கேளாமலே தீர்ப்பளிக்கலாமோ?” என வினவிய மாணவனொருவன், பீற்றில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட ‘சார்ஜன்ற் பெப்பர்’ இசைத்தட்டின் பிரித்தானியப் பதிப்பைக் கொணர்ந்தான்.

உறையின் பின்புறத்தே பாடல்கள் முழுமையாக அச்சிடப்பட்டிருந்தன. சொல்லுக்கு அளித்த மதிப்பு அது. ஈற்றுப் பாடலின் முடிவிற் பல பியானோக்கள் ஒருங்கே எழுப்பிய நாதம் 40 விநாடிக்கு மேலாகத் தேய்ந்து அடங்கிற்று. பின்னரும், தட்டின் உட்சுழியிற் பதித்த சிறு பேச்சொலி, ஊசியைக் கையால் எடுக்கும்வரை ஓயாது சுழன்றது.

என் பழிப்புரையும் பல்லாண்டாக அவ்வாறே ஒரே சுழியிற் சுழன்றதன்றோ! ஊசியை எடுத்தவன் மாணவன். மறுநாள் வகுப்பில் என் கூற்றை மீளப்பெற்றுக்கொண்டேன். கேட்டபின் கூறுவதே திறனாய்வு.