சேனைத் தேனும் சிவப்புப் பென்சிலும்

எழுதி முடித்துவிட்டால் புத்தகம் ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாட்டியும் அத்தையும் சொன்ன பிள்ளை வளர்ப்புப் பக்குவங்களை, அடுப்படி வேலை ஒழிந்த மத்தியானங்களில் இரண்டு நோட்டு நிறைய எழுதியாயிற்று. உடனே அச்சுக்குக் கொடுக்கத் துடித்தேன். "ஒரு மாசம் புடவைக்கு நடுவுல வச்சிரு, அப்புறம் எடுத்துப் பாரு" என்றார் என் கணவர்.

ஒரு மாதம் கழித்து வாய்விட்டுப் படித்தேன். அடேயப்பா, எத்தனை 'கொஞ்சம்', எத்தனை 'பதமாக'! பிரசவ லேகியப் பக்கத்தை எதிர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். "அக்கா, கொஞ்சம் சுக்குன்னா விரலளவா, கையளவா?" என்றாள். தராசை வைத்துக்கொண்டு மறுபடி லேகியம் கிளறினேன்.

எழுதுகிற சகோதரிகளுக்கு ஒன்று: எழுத்துப் பிழையை முதலில் திருத்தாதீர்கள். நான் ஒரு வாரம் 'ர'வும் 'ற'வும் பார்த்த அத்தியாயம் கடைசியில் மொத்தமாகவே போய்விட்டது!

அதுதான் 'சேனை வைத்தல்'. பிறந்த சிசுவின் நாக்கில் நல்ல குணமுள்ள பெரியவர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் வழக்கம். ஆசை ஆசையாக எழுதியிருந்தேன். நோட்டைப் பார்த்த குழந்தை டாக்டரம்மா அங்கேயே நிறுத்திவிட்டார். தேனில் சில சமயம் ஒருவகைக் கிருமியின் விதைகள் இருக்குமாம். கொதிக்க வைத்தாலும் சாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் துவண்டு போதல், முற்றினால் மூச்சுத் திணறல். 1976இல்தான் இந்த நோயையே மருத்துவர்கள் இனம் கண்டார்களாம். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். பிறந்த ஒரு மணிக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்றார்.

சிவப்புப் பென்சிலால் கோடு போடக் கை வரவில்லை. அத்தை வேறு பிடித்துக்கொண்டார். "நாலு பிள்ளைக்கும் எங்க மாமியார் தேன்தான் வச்சாக. யாருக்கு என்ன ஆச்சு?"

"நம்ம வீட்டுல ஆகல அத்தை. படிக்கிற வீட்டுல ஒரு பிள்ளைக்கு ஆயிட்டா?"

அத்தை பதில் பேசவில்லை. அன்று ராத்திரி முழுப் பக்கத்தையும் அடித்தேன். டாக்டரம்மா சொன்னதை அந்த இடத்தில் எழுதினேன்.

காலையில் பார்த்தால் அதன் கீழே அத்தையின் கோணல் எழுத்து: 'பெரியவங்க மடியில வச்சு ஆசீர்வாதம் பண்ணலாம். தேன் ஒரு வயசு கழிச்சு.'

அதை அப்படியே விட்டுவிட்டேன்.