இதய நோயாளிகளே, நடையை நிறுத்தாதீர்கள்!

மாரடைப்பு, பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பின் அளிக்கப்படும் மறுவாழ்வுப் பயிற்சி பொதுவாக 6 முதல் 12 வாரங்களில் முடிந்துவிடும். அதோடு பலர் உடற்பயிற்சியையே விட்டுவிடுகின்றனர். விட்ட சில வாரங்களிலேயே, இதயமும் தசைகளும் பெற்ற திறன் குறையத் தொடங்கும்.

வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் 30 நிமிடம் என ஐந்து நாள் வேகமாக நடந்தால் அது நிறைவேறிவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாக நடக்க வேண்டும். பஜ்ர் தொழுகைக்குப் பின் என நேரத்தை நிலையாக்கினால் பழக்கம் விடுபடாது.

நெஞ்சுவலி, தலைசுற்றல், கடும் மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் வலி தணியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனை செல்லுங்கள்.

குடும்பத்தார் நோயாளியை உட்கார வைத்துப் பாதுகாப்பதைவிட, உடன் நடப்பதே பெரும் உதவி.