சிங்கப்பூர் போறீங்களா? முதல்ல குழந்தையோட உயரத்தை அளந்துடுங்க!

விமான டிக்கெட் எடுக்கும்போது குழந்தையின் வயதைக் கேட்பார்கள். சிங்கப்பூரில் இறங்கியதும் உயரத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். அங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகள் இரண்டு: 90 செ.மீ., 135 செ.மீ. கிளம்பும் முன் வீட்டிலேயே சுவரோரம் நிற்க வைத்து டேப்பால் அளந்துவிடுங்கள்.

90 செ.மீ.க்குக் கீழ் இருக்கும் குழந்தை, டிக்கெட்டோடு வரும் பெரியவருடன் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் இலவசமாகப் போகலாம். இரண்டரை வயதிலேயே பல குழந்தைகள் இந்த உயரத்தைத் தாண்டிவிடுவார்கள். அதனால் ‘சின்னக் குழந்தைதானே, டிக்கெட் எதுக்கு?’ என்ற கணக்கு அங்கே செல்லாது. தாண்டிவிட்டால், 7 வயது ஆகாத குழந்தைக்கு ‘சைல்டு கன்செஷன் கார்டு’ வாங்க வேண்டும். அதுவும் இலவசம்தான். சுற்றுலாப் பயணிகளும் பாஸ்போர்ட்டைக் காட்டி, ரயில் நிலையத்தில் உள்ள சிம்ப்ளிகோ கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம். கவுன்டர் 24 மணி நேரமும் திறந்திருக்காது. விடியற்காலை விமானத்தில் இறங்குபவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 7 வயது ஆகிவிட்டால், அங்கே படிக்காத நம் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கட்டணம்தான்.

பெரியவர்கள் கையில் இருக்கும் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டியே போய்விடலாம். ஆனால், இந்திய வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸ் வசதியும் ஆனில் இருக்கிறதா என்று வங்கி ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு கார்டுக்கு நாளொன்றுக்கு 60 சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள். கணவன், மனைவி இருவரும் ஒரே கார்டைத் தட்ட முடியாது. ஆளுக்கொன்று வேண்டும்.

சரி, கால் டாக்ஸி போட்டுட்டா?

இங்கேதான் 135 செ.மீ. வருகிறது. அந்த உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தை காரில் போனால், அதற்கேற்ற பாதுகாப்பு இருக்கை கட்டாயம். ஆப்பில் புக் செய்யும் தனியார் வாடகை கார்களுக்கும் இதே விதி. இருக்கை இல்லையென்றால் டிரைவர் ஏற்ற மறுப்பார், அதில் தப்பில்லை. டாக்ஸிகளுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்பதற்காக, மடியில் உட்கார வைத்த குழந்தை பத்திரமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. குழந்தையோடு போகிறவர்களுக்கு ரயிலும் பேருந்தும்தான் நிம்மதி. செலவும் குறைவு, பெரியவர் ஒருவருக்கு ஒரு பயணம் பெரும்பாலும் 3 சிங்கப்பூர் டாலருக்குள் முடிந்துவிடும்.

சாங்கி விமான நிலையத்திலேயே எம்ஆர்டி இருக்கிறது. நம்மவர்கள் அதிகம் தங்கும் லிட்டில் இந்தியாவுக்குப் போக அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் லைனுக்கு மாறினால் போதும். நடுவில் தமிழ் அறிவிப்பும் காதில் விழும், கூட வரும் பாட்டிக்கு அதுவே ஒரு தெம்பு.

ஸ்ட்ரோலரை எஸ்கலேட்டரில் ஏற்றவே கூடாது. நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும், வரிசையும் நிற்கும். கார்டு தட்டும் இடத்திலும் அகலமான கதவாகப் பார்த்துப் போங்கள். பேருந்தில் 2017-லிருந்து ஸ்ட்ரோலரை மடிக்காமலே ஏற்றலாம். சக்கர நாற்காலிக்கான இடத்தில் பிரேக் போட்டு நிறுத்த வேண்டும். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்துவிட்டால் மடித்து இடம் கொடுத்துவிட வேண்டும். அதனால், ஒரு கையால் மடிக்க முடிகிற சின்ன ஸ்ட்ரோலர்தான் சரி. நடக்கிற குழந்தை என்றாலும் எடுத்துப் போங்கள், மாலை 4 மணிக்கு மேல் அது நடக்காது! ஆபீஸ் நேரமான காலை 7.30 - 9, மாலை 5.30 - 7 மணிக்கு ரயில் ஏறாமல் இருப்பது நல்லது.

சாப்பாடு விஷயத்தில் கறார். ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் சாப்பிட, குடிக்கத் தடை. 500 டாலர் வரை அபராதம். பிஸ்கட் பாக்கெட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, நிலையத்துக்குள் நுழையும் முன்பே ஊட்டிவிடுங்கள்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. ரயில் கதவு நமக்காகக் காத்திருக்காது. பெற்றோரில் ஒருவர் முன்னால் ஏற, குழந்தை நடுவில், மற்றவர் பின்னால் என்று ஏறுங்கள். இறங்கும்போதும் அப்படியே. பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று முதல் நாளே குழந்தையிடம் பேசிவிடுங்கள். பிளாட்பாரத்தில் விடுபட்டால் அங்கேயே நிற்க வேண்டும், நாம் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவோம். ரயிலுக்குள் தனியாக மாட்டிக்கொண்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். நம் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி சட்டைப் பையில் வையுங்கள். தினமும் காலையில் ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது குழந்தையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேட வேண்டி வந்தால், அன்று என்ன கலர் சட்டை என்று நிலைய ஊழியரிடம் காட்ட அது உதவும்.