கஞ்சாவும் சட்டமும்: தோட்டத்து இளைஞர் அறிய வேண்டியவை

"கஞ்சா வெறும் இலைதானே, ஹெராயின் மாதிரியா?" கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறத்தில் வளர்ந்த நான் பலமுறை கேட்ட பேச்சு இது. லயங்களை விட்டுத் தாமான்களுக்கு மாறிய பின்னும் இப்பேச்சு மாறவில்லை.

1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் கையில் இருப்பது தராசு. சிறிதளவு கஞ்சா வைத்திருந்தாலே 20,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். எடை 20 கிராமைத் தொட்டுவிட்டால் 2 முதல் 5 ஆண்டு சிறையோடு 3 முதல் 9 பிரம்படி. 50 கிராம் என்றால் ஆயுள் சிறை அல்லது குறைந்தது 5 ஆண்டு. பிரம்படி பத்துக்குக் குறையாது. செடி வளர்த்தாலோ ஆயுள் சிறை, குறைந்தது 6 பிரம்படி.

கஞ்சா 200 கிராமை எட்டினால், வைத்திருந்தவர் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும். கடத்தல் குற்றத்துக்குரியது 39பி பிரிவு. 1983 முதல் இதற்குத் தூக்கு கட்டாயமாக இருந்தது. 2023 ஜூலை 4-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. உடனே, "இனித் தூக்கு இல்லை" என்று சிலர் பேசத் தொடங்கினர். அது தவறு. தூக்கா, ஆயுள் சிறையோடு குறைந்தது 12 பிரம்படியா என்பதை இப்போது நீதிபதி தீர்மானிக்கிறார். இக்குற்றச்சாட்டுக்கு ஜாமீனும் கிடையாது. வழக்கு முடியும்வரை சிறைதான்.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று உண்டு. "இந்தப் பையைக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடு மச்சான்" என்பான் கூட்டாளி. பை யார் வசம் இருக்கிறதோ, உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும் என்றும் சட்டம் அனுமானிக்கலாம். இந்த இரண்டு அனுமானங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது என்று 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் "எனக்குத் தெரியாது" என்ற ஒரு சொல் மட்டும் காப்பாற்றிவிடாது.

கைதானவருக்கு வழக்கறிஞரை நாடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதி தருகிறது. 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. இது தெரியாமல் காவல் நிலைய வாசலில் கலங்கி நிற்கும் பெற்றோர் எத்தனை பேர்!

சட்டம் பயிலும் நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கோயில் மண்டபத்தில் அரை மணி நேரம் இதைப் பேசுங்கள். நாம் கற்ற கல்வி முதலில் நம் தோட்டத்துக்குப் பயன்படட்டும்.