கைப்பேசிக்கும் கதவு உண்டு

தோட்டத்துத் தோழர்களே! குலை வெட்டிக் களைத்து வீடு திரும்பி, கைப்பேசியில் எதையோ படிக்கிறீர்கள். திடீரென்று, "உங்கள் போனில் வைரஸ்! உடனே இங்கே தொடுங்கள்" என்று ஒரு விளம்பரம் குதிக்கிறது. பதறாதீங்க. போனைச் சோதித்துப் பார்க்கும் சக்தி விளம்பரத்துக்குக் கிடையாது. தொட்டால்தான் வம்பு, பாடுபட்டுச் சேர்த்த வெள்ளி பறிபோகலாம்.

ஆண்ட்ராய்டு போனில் குரோமைத் திறந்து, மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள். 'செட்டிங்ஸ்', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்' போங்க. 'பாப்-அப்ஸ்', 'இன்ட்ரூசிவ் ஆட்ஸ்' இரண்டும் 'ஆஃப்' ஆக இருக்க வேண்டும். திறந்து கிடந்தால் சாத்திவிடுங்கள், காசு செலவில்லை.

2018 முதல் குரோமில் உள்ள இந்தக் காவல், அத்துமீறும் தளங்களின் விளம்பரங்களைத்தான் தடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. மிச்சத்துக்கு உங்கள் நிதானமே காவல். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க.